12 நாள் லீவு: விபாசனாவா, திருவண்ணாமலையா, வடலூரா, வீடா?

போன மாதம் கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 38 வயது, இரண்டு பிள்ளைகள், மாமியார் கூடவே இருக்கிறார், ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. “அண்ணா, 12 நாள் லீவு சேர்ந்து கிடக்கிறது. இந்தத் தடவை ஊட்டியும் வேண்டாம், மூணாறும் வேண்டாம். எல்லாம் இருக்கு, ஆனா எதுக்குன்னு தெரியலை. விபாசனான்னு பத்து நாள் மௌனத் தியானம் இருக்கு, போயிட்டு வான்னு ஆபீஸ்ல ஒருத்தி சொல்றா. அப்பா திருவண்ணாமலை போன்னு சொல்றார். நீங்க ரெண்டுக்கும் போனவர், சொல்லுங்க.”

இதே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ரிட்டயர் ஆனவர் ஒரு மாதிரி கேட்பார், ஐடி பையன் ஒரு மாதிரி கேட்பான். நான் சாமியார் இல்லை, படித்த பண்டிதனும் இல்லை. இருபது வருடமாக இந்த வாசல்களில் மாறி மாறிச் செருப்பைக் கழற்றிப் போட்டவன், அவ்வளவுதான். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

## கிளம்புவதற்கு முன்

உண்மை, நிம்மதி, அர்த்தம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கேட்கிற ஆளைப் பார்த்தால் மூன்றும் மூன்று தேவை. அப்பாவை மயானத்தில் விட்டுவிட்டு வந்தவன், “அவர் எங்கே போனார்?” என்று கேட்டால் அது உண்மையைப் பற்றிய கேள்வி. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு ஆபீஸ் மெயிலை மனசுக்குள் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருப்பவளுக்கு வேண்டியது நிம்மதி. பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு போய், “காலையில் எதற்கு எழுந்திருக்கணும்?” என்று கேட்கும் அம்மாவுக்கு வேண்டியது அர்த்தம். தவறான வாசலில் போய் நின்றுவிட்டு, “எனக்கு ஒன்றும் நடக்கவில்லை” என்று திரும்பி வந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று நினைப்பு வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது தேடல் இல்லை, நோய். மருந்துக்குக் கேட்கும். அந்த நிலையில் பத்து நாள் மௌனத்தில் போய் உட்கார்வது ஆபத்து.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். எத்தனை நாள், எவ்வளவு பணம். உடம்பு தாங்குமா. எதையாவது நம்பியாக வேண்டுமா. வீட்டில் இருப்பவர்கள் மேல் எவ்வளவு பாரம் விழும். கடைசியாக, திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து கையில் என்ன மிஞ்சும்.

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. போய் வந்த வாரம் எல்லோருக்குமே முகம் பளிச்சென்றுதான் இருக்கும்.

## விபாசனா: பத்து நாள் வாயை மூடிக்கொண்டு

சென்னையில் திருமுடிவாக்கத்தில் தம்மசேது என்ற மையம் இருக்கிறது. நாட்டில் வேறு பல ஊர்களிலும் இதே பயிற்சி, இதே அட்டவணை. கட்டணம் கிடையாது. முன்னால் வந்தவர்கள் கொடுத்த பணத்தில் நீங்கள் சாப்பிடுகிறீர்கள். பயிற்சியை முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

இதைப் பரப்பிய சத்ய நாராயண் கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி அலைந்து, 1955-ல் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஊ பா கின் யார் என்றால், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். (கோவை வாசகிக்காக இதைச் சொல்கிறேன். கணக்கு வேலைக்கும் தியானத்துக்கும் பகை இல்லை.) 1969-ல் கோயங்கா இந்தியா வந்து பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 1994-ல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது பெரிய செய்தியானது.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30-க்கு உட்கார வேண்டும். ராத்திரி 9.30-க்கு விளக்கு அணையும். நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார்வதுதான் வேலை. 11 மணிக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் 5 மணிக்கு டீயும் பழமும், அதோடு சரி. போன் கிடையாது, பேனா கிடையாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பதும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாளிலிருந்து உடம்பில் எழும் உணர்ச்சிகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே போவது.

இரண்டாம் நாள் எனக்குப் படிக்க எழுத்தே இல்லாமல் கை நடுங்காத குறை. குளியலறையில் கிடந்த ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கத்தை எட்டுத் தடவை படித்தேன். தயாரிப்பு தேதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்காம் நாள், ஒரு மணி நேரம் கையைக் காலை அசைக்காமல் உட்காரச் சொன்னார்கள். நாற்பதாவது நிமிடம் வலது முழங்காலில் சூட்டுக்கோல் வைத்த மாதிரி இருந்தது. ஆறாம் நாள் அதே வலி, அதே இடம். ஆனால் உற்றுப் பார்த்தபோது அது ஒரே கட்டியாக இல்லை. சுருக்கென்று குத்தும், விடும், சூடாகும், நகரும். வலி இருந்தது, அதன் மேல் எனக்கு இருந்த கோபம் போயிருந்தது. என் மூத்த அதிகாரியின் முகம் நினைவுக்கு வந்தபோது நெஞ்சில் எழுவதும் இதே மாதிரி ஒரு சூடுதான் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். பத்து நாளில் நான் வாங்கி வந்தது இது ஒன்றுதான். விலைக்குக் கிடைக்காத சரக்கு.

பத்தாம் நாள் காலையில் மௌனம் கலையும். அதுவரை முனிவர்கள் போலிருந்த அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் பாருங்கள், சந்தைக்கடை தோற்றுவிடும்.

இனி மறைவான செலவுகள். பத்து நாள் என்று சொன்னாலும் முந்தின நாள் போய்ச் சேர்ந்து பதினோராம் நாள் காலையில்தான் வெளியே வரலாம். 12 நாள் லீவு முழுசாகப் போய்விடும். அத்தனை நாளும் வீட்டோடு பேச முடியாது. அவசரத்துக்கு அலுவலக எண் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ருத்ராட்சம், ஜபம், விபூதி எல்லாவற்றையும் பத்து நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். சிலருக்கு அது பெரிய விஷயம். இதில் மதம் இல்லை என்பார்கள். சடங்கு இல்லை என்பது உண்மைதான், ஆனால் மாலைச் சொற்பொழிவு முழுக்கப் புத்தர் வழிதான். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்கார வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் ஷாம்பு பாக்கெட் கதை மட்டும்தான் மிஞ்சும். நான் முதல் தடவை அப்படித்தான் விட்டேன்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்கவே கூடாது. இது சிகிச்சை இல்லை என்று அவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள்.

தூக்கம் கெட்டவர்கள், கோபக்காரர்கள், “நம்பு” என்று சொன்னாலே எரிச்சல் வருபவர்கள்: இவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

## திருவண்ணாமலை: யாரும் எதுவும் சொல்லித் தராத இடம்

1896 ஜூலையில் மதுரையில் ஒரு வீட்டு மாடியில், பின்னாளில் ரமண மகரிஷி ஆன 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை. கையைக் காலை விறைப்பாக நீட்டிப் பிணம் போலப் படுத்து, “செத்தால் எது சாகிறது?” என்று பார்த்தான். அதே வருடம் செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தவன், 1950 ஏப்ரல் 14 வரை அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. ரமணர் பேசாமல் இருந்த நாட்களில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் கேள்வி கேட்க, அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் “நான் யார்?” என்ற சின்னப் புத்தகம். டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். எத்தனை வருடம் ஆனாலும் முடியாது என்பதும் உண்மை.

ரமணாச்ரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். சில நாள்தான் கொடுப்பார்கள். இதற்கும் கட்டணம் கிடையாது. மதியம் தரையில் வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பாடு. மாலையில் வேத பாராயணம், அப்புறம் தமிழ்ப் பாராயணம். ரமணர் உட்கார்ந்திருந்த பழைய ஹாலில் இப்போதும் அவர் சோபா இருக்கிறது. அங்கே வெறுமனே உட்காரலாம். பின்பக்கத்திலிருந்து மலையேறினால் கந்தாச்ரமம், அதற்குக் கீழே அவர் பல வருடம் இருந்த விருபாட்ச குகை.

அவ்வளவுதான். வகுப்பு இல்லை, தீட்சை இல்லை, அட்டவணை இல்லை. உங்கள் கையைப் பிடித்து “இப்படி உட்கார்” என்று சொல்ல ஒருவர் இல்லை. இதுதான் இந்த இடத்தின் அருமை. இதுவே முதல் மறைவான செலவும் கூட. பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் மயிலைப் போட்டோ எடுப்பார்கள், இரண்டாம் நாள் புத்தகக் கடையில் நிற்பார்கள், மூன்றாம் நாள் போனை எடுத்துவிடுவார்கள். நானும் ஒரு முறை மூன்றாம் நாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவன்தான், ரமணரின் சமாதிக்கு இருபது அடி தள்ளி.

கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். பௌர்ணமி அன்று போகாதீர்கள் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். லட்சக்கணக்கான ஜனம், அறை வாடகை பல மடங்கு, ஒலிபெருக்கி. சாதாரணச் செவ்வாய்க்கிழமை அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். நிருதி லிங்கத்தைத் தாண்டும்போது மலை கறுப்பிலிருந்து நீலமாகும், நீலத்திலிருந்து செம்மண் நிறமாகும். வெறுங்காலில் நடப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும், தார் ரோடு கொதிக்கும்.

இன்னொரு செலவு செங்கம் ரோடு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே சத்சங்க நோட்டீஸ்கள் சினிமா போஸ்டருக்குப் போட்டியாக ஒட்டியிருக்கும். “எனக்குக் கிடைத்துவிட்டது, உனக்கும் தருகிறேன்” என்பவர்கள் தேசத்துக்கு ஒருவராக வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதில் நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் ரமணர் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அவர் யாரிடமும் கேட்டதில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களை ரமணர் ஊக்குவித்ததில்லை. எங்கே போனாலும் அதே மனசுதானே கூட வரும் என்பது அவர் கட்சி. அதனால் இங்கே 12 நாள் தேவையில்லை. மூன்று நாள் போதும். அப்பாவையோ அம்மாவையோ இழந்துவிட்டு, சாவு என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாக நிற்பவர்கள், தனியாக இருக்கத் தெரிந்தவர்கள் போகலாம். கைப்பிடித்து நடத்த ஆள் வேண்டும் என்பவர்களுக்கு விபாசனாதான் சரி.

## வடலூர்: அடுப்புக்கு முன்னால்

இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகச் சொல்வதுதான். தேடல் என்றால் கண்ணை மூட வேண்டும் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. 1823-ல் மருதூரில் பிறந்த வள்ளலார் அதற்கு வேறு பதில் வைத்திருந்தார். எதிரில் இருப்பவன் பசியோடு இருக்கும்போது கடவுளைப் பற்றிப் பேசாதே, முதலில் சோறு போடு. 1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். நாள் தவறாமல் அன்னதானம் நடக்கிறது. 1872-ல் சத்திய ஞான சபை. அங்கே விக்கிரகம் கிடையாது, திரைகளுக்குப் பின்னால் ஜோதி மட்டும். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கிக் காட்டுவார்கள். 1874 ஜனவரி 30-ல் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் சித்திவளாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர் திரும்பி வரவில்லை.

நான் முதலில் போனது ஒரு வெறும் புதன்கிழமை. தரிசனம் முடித்து, சாப்பிட்டு, பஸ் ஏறிவிடலாம் என்று திட்டம். காய் நறுக்கும் இடத்தில் ஒரு பாட்டி தன் பக்கத்துப் பலகையைத் தட்டி, “சும்மாதானே நிக்கிறே தம்பி, உக்காரு” என்றார். பூசணிக்காய். அரிவாள்மனை எனக்குப் பழக்கமில்லை, துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. “பரவாயில்லை, பசிக்கிறவன் வடிவம் பார்க்க மாட்டான்” என்றார். இரண்டு மணி நேரம் நறுக்கினேன். அந்த இரண்டு மணி நேரமும் என்னைப் பற்றி நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. விபாசனாவில் இதற்கு எனக்கு ஆறு நாள் ஆனது.

குறைகள் இல்லாமல் இல்லை. வரவேற்று விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. தங்கும் வசதி சுமார்தான். வள்ளலார் வழியில் நிற்பவர்கள் புலால் உண்ணாமையை முதல் படியாக வைக்கிறார்கள், வாரம் மூன்று நாள் மீன்குழம்பு வேண்டும் என்பவர்களுக்கு அது நெருடும். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பினால் இன்னொரு கோயில் பார்த்த கணக்குத்தான். தொடர்ந்து போனால்தான் பிடிபடும்.

சேவைக்கென்று தனியாக ஒரு மறைவான செலவு உண்டு. வெளியே ஆயிரம் பேருக்குப் பரிமாறிவிட்டு, வீட்டில் மனைவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத ஆட்களை எனக்குத் தெரியும். ஊரில் கிடைக்கும் கும்பிடு ஒரு போதை. வீட்டில் அது கிடைக்காது.

## வீட்டோடு பாடம்

லீவே போடாமல் ஒரு வழி இருக்கிறது. சைவ ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்புகள். திருவாவடுதுறை ஆதீனத்தின் வகுப்பு பல ஊர்களில் மாதம் ஒரு முறை, இரண்டு வருடம் நடக்கும். மெய்கண்டார் 13-ம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் செய்த சிவஞான போதம் உட்பட 14 சாத்திரங்கள், அப்புறம் பன்னிரு திருமுறை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாக வாதம் செய்ய முடியுமா என்று எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை. “கடவுள் நல்லவர் என்றால் பச்சைக் குழந்தைக்கு ஏன் நோய் வருகிறது?” என்று விடாமல் கேட்கும் ஆளாக இருந்தால் இங்கே உங்களுக்குத் தீனி இருக்கிறது. பதில் திருப்தியாக இருக்குமா என்பது வேறு விஷயம். ஆணவம், கன்மம் (வினை), மாயை என்று உயிரைக் கட்டும் மூன்று மலங்களை வைத்துச் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, ஒரு குழந்தையைப் பறிகொடுத்த அம்மா வகுப்பிலிருந்து எழுந்து போனதை நான் பார்த்தேன்.

பணச் செலவு மிகக் குறைவு. செலவு பொறுமைதான். ஆறு மாதம் வரை ஒன்றும் புரியாது. புரிய ஆரம்பித்ததும் அடுத்த ஆபத்து: கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அத்வைதம் ஏன் தப்பு என்று விளக்க ஆரம்பித்துவிடுவோம். நான் செய்திருக்கிறேன். பாயசம் ஆறிப்போனது.

## ஒரே பார்வையில்

| | விபாசனா | திருவண்ணாமலை | வடலூர் | வீட்டோடு பாடம் |
|---|---|---|---|---|
| நாள் | போக வர 12 | 3 போதும் | 1 அல்லது 2, அடிக்கடி | மாதம் ஒரு நாள், 2 வருடம் |
| பணம் | நன்கொடை | ஆசிரமத்தில் நன்கொடை, வெளியே தங்கினால் வாடகை | போக்குவரத்து | சொற்பம் |
| உடம்பு | முழங்கால், இடுப்பு நன்றாக இருக்கணும் | நடக்கத் தெரிந்தால் சரி | வேலைக்குத் தயார் என்றால் சரி | தடையில்லை |
| நம்பிக்கை | கொல்லாமை, பொய் சொல்லாமை போன்ற ஐந்து ஒழுக்க விதிகள் | எதுவும் கட்டாயமில்லை | புலால் உண்ணாமை | சிவனை ஏற்றால் எளிது |
| வீட்டின் மேல் பாரம் | அதிகம் | குறைவு | கூட்டிக்கொண்டே போகலாம் | இல்லை |
| எங்கே தவறும் | தினமும் உட்காராவிட்டால் | குரு தேடி அலைந்தால் | கும்பிடு பிடித்துவிட்டால் | வாய்ச்சண்டையில் இறங்கினால் |

கட்டணம் வாங்கும் வாரக்கடைசித் தியான முகாம்களை இதில் சேர்க்கவில்லை. ஏசி அறை, ஸ்பா சாப்பாடு, ஞாயிறு மதியம் சான்றிதழ். ஓய்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் குற்றமே இல்லை. ஓய்வு நல்ல விஷயம்.

## கோவை வாசகிக்கு

அவர் கடிதத்தை மறுபடி படித்தேன். தூக்கம் கெட்டதாக எங்கேயும் எழுதவில்லை. சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “எல்லாம் இருக்கு, ஆனா எதுக்குன்னு தெரியலை” என்ற ஒரே வரிதான். அதனால் நிம்மதிக்கான வழியை இவருக்கு முதலில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 12 நாளையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள், இரண்டு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு வடலூர் போங்கள், மிச்சம் பத்தை அப்படியே வைத்திருங்கள், ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் ஒரு சனி ஞாயிறையும் சேர்த்து விபாசனாவுக்கு எழுதிப்போடுங்கள் என்று பதில் போட்டேன். அப்பா சொன்ன திருவண்ணாமலைக்கு அப்பாவையே கூட்டிக்கொண்டு போகலாம், அதற்கு லீவுகூட வேண்டாம், ஒரு சனி ஞாயிறு போதும்.

நேற்று பதில் வந்தது. சேலம், விருத்தாசலம் வழியாகப் போகிறாராம், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. “அத்தைக்கு அரிவாள்மனைல கை வேகம் அண்ணா, அந்தப் பாட்டி இன்னும் இருக்காங்களா?” என்று கேட்டிருக்கிறார்.